செவக்கப் போட்ட கொழுந்து

பசறை
2024 ஏப்ரல் 22

மருமக சஜீவனிக்கு அந்தோனிப்பிள்ளை மாமன் எழுதிக்கிறது.

நான் நல்லா இருக்கேன். நீ எப்படின்னு கேக்க மாட்டேன். கோவிச்சுக்கிட்டுப் போனவளுக்கு சொகத்துக்கு என்ன கொறச்சல். பெரகலையில ஒங்கம்மா வீட்டுல குந்திக்கிட்டு, பண்டாரவளையில ஏதோ பார்மசிக்கு வேலைக்குப் போயி வர்றியாம். போன் அடிச்சா என் சத்தம் கேட்டதும் கட் பண்ணுற. அதான் லெட்டர். இத கட் பண்ண ஏலாது. கிழிக்கலாம். ஆனா கிழிக்கிறதுக்கு முன்னாடி படிச்சிருவ, ஒன்ன எனக்குத் தெரியாதா.

அப்படி என்ன சொல்லிப்புட்டேன் நான்? லயத்துல பக்கத்து காம்பரா வீட்டு பிரான்சிஸ்கா புள்ளைக்கு ஞானஸ்நானம். சாப்பாடு நடக்குது. நீ போயி புள்ளைய வாங்கி மடியில வச்சுக்கிட்ட. நான் சொன்னது ஒரே ஒரு வார்த்த. "புள்ளைய கீழ விடும்மா, ஒங்கிட்ட இருக்குறது அதுக்குத் தொத்திக்கப் போவுது." சனம் பூரா சிரிச்சுச்சு. பிரான்சிஸ்காவே சிரிச்சா. அத்தன பேரு சிரிக்கிற எடத்துல நீ ஒருத்தி மட்டும் அழுதா அது யாரு குத்தம்? ஒன் புருசன் கிருபாகரனும் அங்கதான் நின்னான். அவன் ஒன்னும் சொல்லலையே. தப்புன்னா சொல்லியிருப்பான்ல.

கல்யாணம் கட்டி ஒம்போது வருசம். நான் கல்லுச் செவுத்துக்கிட்டயா பேரப்புள்ள கேக்குறேன்? இங்க பசறை டவுன் பக்கம் ஒரு பொம்பள இருக்கா. புருசன் மண்சரிவுல போயிட்டான். ரெண்டு புள்ள, ரெண்டும் கொழுகொழுன்னு. காச்சுக் காட்டுன மரம். சாமியாரு கோயில்ல கிருபாகரனுக்கு ரெண்டாந்தாரமா கட்டி வைக்க மாட்டாரு, அது தெரியும். ரெஜிஸ்தாருக்கு ஞானஸ்நானச் சீட்டு தேவையில்ல. நான் சும்மா சொல்லி வைக்கிறேன். நீ யோசி.

என் பிரசர் மாத்திரை தீரப் போவுது. கோவம் இருந்தா எம்மேல இருக்கட்டும், மாத்திரை மேல எதுக்கு. எப்பவும் போல பசறை பாறூக் நானா கடைக்கு பஸ்ல குடுத்து விட்டா எனக்கு வந்துரும்.

மாமன்


பெரகல
2024 ஏப்ரல் 30

மாமாவுக்கு,

பிரசர் மாத்திரை முப்பது, அட்டையோட வச்சிருக்கேன். காலையில ஒன்னு.

அதுக்குக் கீழ இன்னொரு பார்சல் இருக்கு. அதைப் பத்தி எழுத இது நாலாவது பேப்பர். மூணு கிழிச்சாச்சு. மாமனாருக்கு ஒரு மருமக எழுதுற விசயமே இல்ல இது. அத்தை உசிரோட இருந்திருந்தா அவங்ககிட்ட சொல்லியிருப்பேன். இப்ப உங்களை விட்டா அந்த வீட்டுல ஆளில்ல.

போன நவம்பர்ல நானும் அவரும் பதுளையில ஒரு டாக்டரம்மாகிட்ட போனோம். ரெண்டு பேருக்கும் டெஸ்ட் எடுத்தாங்க. எனக்கு ஒன்னும் இல்ல மாமா. கொற அவருக்குத்தான். பசறை பஸ்ல ஏறுனதும் அவரு என் கையைப் புடிச்சு, அப்பாகிட்ட மட்டும் சொல்லிறாதன்னு கேட்டாரு. அப்பாவுக்குத் தெரிஞ்சா லயம் பூரா சிரிக்கும்னாரு. நான் சரின்னேன். அன்னையிலருந்து நீங்க பேசுனதெல்லாம் அவருக்காக நான் வாங்கிக்கிட்டேன்.

ஞானஸ்நான வீட்டுல நீங்க சொன்னதுக்கு நான் அழல. அவரு பக்கத்துல நின்னுக்கிட்டு தரையைப் பாத்தாரே, அதுக்கு அழுதேன்.

டாக்டரம்மா சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி எழுதுறேன். உள்ளுக்குள்ள பழைய கிருமி தங்கி, புண்ணு மாதிரி வீங்கியிருக்கு. விந்துல சீழ் அணு நெறைய இருக்கு. கிருமியோட சண்ட போட அந்த அணு ஒருவிதமான காரத்தைக் கக்குமாம். அந்தக் காரம் கிருமியை மட்டும் பாத்து எரிக்காது, கூட இருக்குற உயிரணுவையும் எரிச்சிரும். அதுக்கு ஆக்சிடேசன்னு பேரு சொன்னாங்க. நூறுக்குப் பத்துதான் நீந்துது, மிச்சம் வாலு ஒடஞ்சு கெடக்கு. சிகரெட், சாராயம், தேயில ஸ்டோருல கொழுந்து காய வைக்கிற டிரையர் பக்கத்துல நிக்கிற சூடு, எல்லாம் சேந்து அந்த எரிச்சலைக் கூட்டுதாம். சின்ன வயசுல கழுத்துல அம்மைக்கட்டு வந்து, அது கீழ எறங்கி வீங்குச்சான்னும் கேட்டாங்க. அவரு தெரியாதுன்னுட்டாரு. உங்களுக்குத் தெரிஞ்சா எழுதுங்க.

பார்சல்ல ரெண்டு வகை இருக்கு. சின்ன வெள்ளை மாத்திரை கிருமிக்கு, காலையில ஒன்னு ராத்திரி ஒன்னு, பதினாலு நாள். கருஞ்செவப்பா வழுவழுன்னு இருக்குறது எரிச்சலைத் தணிக்க, தெனம் ஒன்னு, மூணு மாசம். ஒரு உயிரணு உருவாகி வெளிய வர ரெண்டரை மாசத்துக்கு மேல ஆவுமாம், அதான் மூணு மாசக் கணக்கு. ஆகஸ்ட் அஞ்சாந்தேதி மறுபடியும் டெஸ்ட். எண்ணிக்கை கொஞ்சம் ஏறியிருந்தா அடுத்த வைத்தியம் செய்யலாம்னாங்க. சில பேருக்குப் பலன் இருக்கும், சில பேருக்கு இருக்காது, சத்தியம் பண்ண மாட்டேன்னும் மொதல்லயே சொன்னாங்க. ஆகஸ்ட்டுல எனக்கு முப்பத்தாறு. எனக்கு நேரம் கம்மி.

அவரா முழுங்க மாட்டாரு, நவம்பர்ல எழுதிக் குடுத்ததையே தொடல. ஷிப்ட் முடிஞ்சு வந்தா மறந்துருவாரு, வெக்கமும் இருக்கு. நீங்கதான் உங்க கையால குடுக்கணும். உங்ககிட்ட சொல்லப் போறேன்னு போன்ல சொன்னேன். வேற வழியில்லையான்னு ரெண்டு தரம் கேட்டாரு. அப்புறம் சரின்னாரு.

பேரப்புள்ள வேணும்னு இந்த ஒம்போது வருசமா கேட்டது நீங்க ஒரு ஆளுதான். அதை நம்பித்தான் அனுப்புறேன். வேற யாருக்கும் தெரிய வேணாம்.

சஜீவனி


பசறை
2024 மே 6

மருமகளுக்கு,

படிச்சேன். ரெண்டு தரம். மொத தரம் சிரிச்சேன். ரெண்டாந்தரமும் சிரிச்சேன், ஆனா கொஞ்சம் கம்மியா.

எம்மகனுக்கா? நான் அஞ்சு பெத்தவன். மூணு தங்குச்சு. எங்கப்பன் ஒம்போது. இந்த வம்சத்துல நூறுக்குப் பத்து நீந்துதுன்னு ஒரு பொம்பள டாக்டரு எண்ணிப் பாத்தாளாம். ஆத்துல மீன் எண்ணுறவ கூட இம்புட்டுச் சரியா சொல்ல மாட்டா. சரி, வுடு.

ஆக்சிடேசன்ங்கிற பேர எனக்கே சொல்லித் தர்றியா தாயி? நான் அஞ்சாங் கிளாசு. ஆனா தேயில ஸ்டோருல முப்பத்தெட்டு வருசம் அந்த வேலதான் பாத்தேன். மாடத்துல வாட்டுன கொழுந்த ரோலர்ல போட்டு முறுக்குனா சாறு வரும். அத அள்ளிட்டு வந்து மேசையில விரிச்சுப் போடுவோம். காத்துப் படப்படப் பச்ச மாறி செவக்கும், புதுச் செம்புக் காசு மாதிரி. டீ மேக்கரு கடியாரத்தப் பாத்துக்கிட்டு நிப்பான். நான் மூக்கப் பாப்பேன். ஆப்பிள் வாசம் வரும், வந்ததும் "இப்ப டிரையருக்கு ஏத்து"ம்பேன். அதுதான் நீ சொல்லுற ஆக்சிடேசன். கொழுந்து செவந்தாத்தான் தேயில. செவக்காததுக்குப் பச்ச நாத்தம், ருசியே இருக்காது, ஏலத்துல ஒருத்தன் தொட மாட்டான்.

அத நிப்பாட்டவா மாத்திரை? ஒங்க டாக்டரம்மா ஸ்டோருக்குள்ள கால வச்சிருக்காளா, கேட்டுச் சொல்லு.

கட்டு வந்துச்சான்னு கேட்டியே. வந்துச்சு. அவனுக்குப் பதினாலு வயசு. கழுத்து ரெண்டு பக்கமும் வீங்கி, அப்புறம் கீழயும் எறங்கிருச்சு. தேங்கா தண்டிக்கு. கால அகட்டி அகட்டி நடந்தான். நான்தான் வாத்துன்னு பேரு வச்சேன். காலையில பெரட்டுக்கு ஆளுக கூடுற எடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போயி நடடான்னேன். நடந்து காட்டுனான். கங்காணி சிரிச்ச சிரிப்புல வாயில இருந்த வெத்தல சட்டையெல்லாம் வழிஞ்சுருச்சு. இன்னைக்கும் பழைய ஆளுக அவன வாத்துன்னுதான் கூப்புடுறாங்க, ஏன்னு ஒனக்கு இவ்வளவு நாளும் தெரியாதுல்ல? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போவோம்னு உன் மாமியா அழுதா. மூணாம் நாளு அவனே வந்து இப்ப நோவு இல்லன்னு சொல்லிட்டான். அன்னையிலருந்து நோவுங்கிற வார்த்த அவன் வாயில வந்ததே இல்ல. ஆம்பளப் புள்ளைய அப்படித்தான் வளக்கணும்.

மாத்திரைய நான் குடுக்குறேன். சோறு தின்னதும் என் கையாலயே. எத எப்பக் குடுக்கணும்னு எனக்குத் தெரியும். நீ கவலைப்படாத.

மாமன்


பெரகல
2024 மே 15

மாமாவுக்கு,

உங்க லெட்டரைப் பார்மசியில மருந்து அலமாரிக்குப் பின்னாடி நின்னு படிச்சேன். வேலைக்கு வந்த எடத்துல அழ முடியாது.

வாத்துக் கதை எனக்குத் தெரியும். கல்யாணம் கட்டி ரெண்டாம் வருசம் அவரு சொன்னாரு. நீங்க சொல்லுற மாதிரி சொல்லல. மூணாம் நாளும் வலி போகலையாம். மறுபடியும் பெரட்டுக்கு நடந்து காட்டச் சொல்லுவீங்கன்னு பயந்து, இல்லன்னு சொல்லியிருக்காரு. அதுக்கப்புறம் பத்து நாள் காய்ச்சலோட கொழுந்து மூட்டை தூக்கியிருக்காரு. ஒரு பக்கம் சுருங்கிப் போயிருக்குன்னு டாக்டரம்மா பாத்துட்டுச் சொன்னாங்க. அன்னைக்கு வந்த வீக்கம் அன்னைக்கே ஒரு பக்கத்தைத் தின்னுருச்சு. மிச்சம் இருக்குறதைக் காப்பாத்தத்தான் இந்த மூணு மாசம்.

உங்க தேயிலைக் கணக்கும் தப்பு மாமா. செவந்த கொழுந்துல நல்ல சாயம் எறங்கும், நான் இல்லேங்கல. ஆனா நீங்க முப்பத்தெட்டு வருசம் செவக்க வச்சதுல ஒரு கையளவு கொண்டு போயி மலையில நட்டீங்கன்னா செடி வருமா? செவந்ததுக்கு உசிரு இல்ல. குடிக்கிறதுக்கு அது போதும். எனக்கு மொளைக்கிறது வேணும்.

ஒரு உதவி. டீ மேக்கரு உங்க பேச்சைக் கேப்பாரு. உங்க மகனை டிரையர்ல இருந்து மாத்தி மூணு மாசத்துக்குக் கொழுந்து வாட்டுற மாடத்துல போடச் சொல்லுங்க. அங்க காத்து இருக்கு, நெருப்பு இல்ல.

கிருமி மாத்திரை பதினாலு நாளும் குடுத்தீங்களா? செவப்பு மாத்திரை அடுத்த மாசத்துக்கு இதோட வச்சிருக்கேன். உங்க பிரசர் மாத்திரையும் இருக்கு.

சஜீவனி


பசறை
2024 ஜூன் 20

மருமகளுக்கு,

பதிமூணாந்தேதி அந்தோனியார் திருநாளு. என் பேருக்காரரு, சும்மா விடுவேனா. சேவல் அடிச்சேன். சாராயம் வந்துச்சு. கிருபாகரன் வேணாம் வேணாம்னான். அப்பன் திருநாளுக்குக் குடிக்காதவன் மகனாடான்னு கேட்டு நானே ஊத்திக் குடுத்தேன். குடிச்சான். ரெண்டாவத அவனே ஊத்திக்கிட்டான். நான் ஒரு கத சொன்னேன் பாரு, லயமே வயித்தப் புடிச்சுக்கிட்டு உருண்டுச்சு. பிரான்சிஸ்கா மாமனாருக்குப் பல்செட்டு கழண்டு விழுந்துருச்சு. நீ இருந்திருக்கணும்.

டிரையர் விசயம் நான் கேக்கல. வாட்டுற மாடத்துல கொழுந்து விரிக்கிறது பூராப் பொம்பளைங்க. டிரையர்ல நிக்கிறவனுக்கு ஸ்டோருல ஒரு மதிப்பு இருக்கு. ஏற்கனவே பத்துதான் நீந்துதுங்குற, சேலையும் கட்டி விடவா?

வெள்ள மாத்திரை நாலு நாளு குடுத்தேன். வயித்தால போச்சு. ஒன்னுக்குப் போறப்ப எரியுதாடான்னு கேட்டேன், இல்லன்னான். நின்னு போனதுக்கு எதுக்கு மருந்து? நிப்பாட்டிட்டேன். மிச்சத்த வீணாக்கல, கோழிக்குக் கழிச்சல் வந்துச்சு, தண்ணியில கரைச்சு ஊத்துனேன். கோழி தப்பிச்சுக்கிச்சு. உன் டாக்டரம்மா கெட்டிக்காரிதான்.

மத்தது தெனமும் குடுக்குறேன், ஒரு நாளு தப்பல. அவனே சாட்சி.

என்னையப் பத்திக் கேக்கவே மாட்டேங்குற. நான் அருமையா இருக்கேன். கோயில் படி மூச்சு வாங்காம ஏறுறேன். மொகத்துல ஒரு மினுமினுப்பு. பாறூக் நானா, என்ன பிள்ளை, பொண்ணு பாக்கப் போறீங்களான்னு கேக்குறாரு. ஏன் எதுக்குன்னு கேக்காத.

மாமன்


பெரகல
2024 ஜூன் 23

மாமாவுக்கு,

கிருமி மாத்திரையைப் பாதியில நிறுத்தவே கூடாது. எரிச்சல் நின்னா கிருமி செத்துருச்சுன்னு அர்த்தம் இல்ல. டாக்டரம்மாகிட்ட கெஞ்சி மறுபடியும் எழுதி வாங்கி அனுப்பியிருக்கேன். பதினாலு நாள். மனுசனுக்கு, கோழிக்கு இல்ல. செவப்பு மாத்திரை கடைசி மாசத்துக்கும், உங்க பிரசர் மாத்திரையும் இதோட இருக்கு.

சாராயம் வேணாம். கையெடுத்துக் கும்புடுறேன். இன்னும் ஆறு வாரம்தான்.

சஜீவனி


பெரகல
2024 ஆகஸ்ட் 9

மாமாவுக்கு,

அஞ்சாந்தேதி பதுளைக்குப் போனோம். எனக்கு ஒரு கேள்விதான் இருக்கு. அதுக்கு முன்னாடி நடந்ததைச் சொல்லுறேன்.

ரிப்போர்ட் பதினொரு மணிக்கு வந்துச்சு. நீந்துறது நூறுக்கு ஏழு. முன்னாடி பத்து. சீழ் அணு முன்ன இருந்ததை விடக் கூட. டாக்டரம்மா கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டு, மருந்து எடுத்தீங்களான்னு அவரைக் கேட்டாங்க. ஒரு நாள் கூட விடலைன்னாரு. அதை ஒரு பெருமையோட சொன்னாரு மாமா, பள்ளிக்கூடத்துல கணக்குச் சரியாப் போட்ட புள்ளை மாதிரி. அவங்க மறுபடியும் பேப்பரைப் பாத்தாங்க. எனக்கு என்னமோ தோணுச்சு. எப்படி இருந்துச்சு மாத்திரைன்னு கேட்டேன்.

"பெருசா, வெள்ளையா, சுண்ணாம்புக் கட்டி மாதிரி. முழுங்க முடியாம ரெண்டா ஒடச்சுத்தான் போடுவேன்"னாரு.

நான் பார்மசியில நிக்கிறவ. அது எலும்புக்குக் குடுக்குற கல்சியம். தோட்டத்து டிஸ்பென்சரியில உங்க முட்டி வலிக்கு மாசா மாசம் குடுக்குறது. நான் அனுப்புனது கருஞ்செவப்பு. அதை அந்த ரூமுக்குள்ள வச்சே சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது, வெளிய வந்து சொல்லியிருக்கலாம். வாய் முந்திருச்சு. அவரு ரிப்போர்ட்டை நாலா மடிச்சு என் கையில குடுத்துட்டு, எந்திரிச்சு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாரு. பின்னாடி இருந்து நான் பாத்துக்கிட்டு நின்னேன். காலை அகட்டி நடக்குறாரான்னு பாத்தேன் மாமா. உங்க லெட்டரைப் படிச்சதுல இருந்து என் கண்ணுக்கும் அந்தப் புத்தி வந்துருச்சு.

பசறை பஸ்ல அவரு ஏறல. பெரகலைக்கும் வரல. போன் ஆப்.

தொண்ணூறு செவப்பு மாத்திரை அனுப்புனேன். என்ன பண்ணுனீங்க?

சஜீவனி


பசறை
2024 ஆகஸ்ட் 20

மருமகளுக்கு,

நான் தின்னேன்.

வேற யாரு திம்பா. வீணாக்கக் கூடாதுன்னுதான். மினுமினுப்பா இருக்கேன்னு எழுதுனேன்ல, அப்பவே நீ கண்டுபுடிச்சிருக்கணும், பார்மசிக்காரி. கிருமி மாத்திர ரெண்டாந்தரம் அனுப்புனியே, அத நான் திங்கல. எரவாணத்துல சொருகி வச்சேன், கோழிக்கு மறுபடியும் வந்தா ஆவும்னு. அது அப்படியே இருக்கு.

நான் கெடுக்கணும்னு செய்யல. ஒன் மொத லெட்டரப் படிச்சிட்டு நெசமாவே ராவும் பகலும் யோசிச்சேன். கொழுந்து செவக்காம இருந்தா அது பச்சக் கொழுந்துதானே. எம்மகன் செவக்காமயே நிக்கிறான், அதான் ஒன்னும் நடக்கல, இதுல செவக்கிறத நிப்பாட்டுற மாத்திரைய வேற குடுத்தா அவன் ஆயுசுக்கும் பச்சையாவே நின்னுருவானேன்னு நெனச்சேன். என் மூக்கு முப்பத்தெட்டு வருசத்துல ஒரு தரம் தப்பல. டீ மேக்கருங்க எத்தன பேரு வந்தாங்க போனாங்க, அத்தன பேரும் என் மூக்கத்தான் கேட்டாங்க. கல்சியம் குடுத்தா எலும்பாவது ஒறுதியாவும்னு குடுத்தேன். தூள நட்டா மொளைக்குமான்னு நீ எழுதுனது வந்தப்ப பத்து நாளு ஓடிருச்சு. எழுதுனது சரின்னு பட்டுச்சு. ஆனா ஒரு பொம்பள சொல்லி நான் மாத்துனதா ஆயிரும்ல. அப்படியே விட்டுட்டேன்.

கிருபாகரன் இன்னும் வரல. இன்னையோட பதினஞ்சு நாளு. ஸ்டோருல கேட்டேன், பேரு வெட்டிட்டாங்களாம். துணிமணி எல்லாம் இங்கதான் கெடக்கு.

இன்னொன்னு. நீயா கேள்விப்படுறதுக்கு முன்னாடி நானே சொல்லிறேன். திருநாள் அன்னைக்கு ஒரு கத சொன்னேன்னு எழுதுனேன்ல. அது இதுதான். நூறு வாத்த ஆத்துல எறக்கி விட்டா பத்துதான் கரையேறுதாம், யாரு வீட்டு வாத்துன்னு சொல்லுங்க பாப்போம்னு கேட்டேன். எல்லாரும் அவனத் திரும்பிப் பாத்துட்டாங்க. அவனும் சிரிச்சான். அவன் சிரிச்சதுனால நான் விட்டுட்டேன். ரெண்டாவது கிளாச அவனே ஊத்திக்கிட்டான்னு எழுதுனது அதுக்கு அப்புறம்.

எங்க இருக்கான்னு தெரிஞ்சா எழுது. பிரசர் மாத்திரை தீந்து மூணு நாளு. குனிஞ்சா தல சுத்துது.

மாமன்


பெரகல
2024 ஆகஸ்ட் 27

மாமாவுக்கு,

அவரு எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன், சொல்ல வேணாம்னு கேட்டிருக்காரு. உசிரோட இருக்காரு. வேலைக்குப் போறாரு. நெருப்புக்குப் பக்கத்துல இல்ல.

டாக்டரம்மா மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கச் சொன்னாங்க. நவம்பர் கடைசியில டெஸ்ட். போன வாரம் எனக்கு முப்பத்தாறு முடிஞ்சுது. போன மூணு மாசம் ஒழுங்காக் குடுத்திருந்தா சரியாகியிருக்குமான்னு கேட்டேன். சொல்ல முடியாதுன்னாங்க. ஆகியிருக்கலாம், ஆகாமயும் போயிருக்கலாம். அது இனி யாருக்கும் தெரியப் போறதில்ல மாமா. அவரும் நானும் கெழவன் கெழவி ஆகி எதிரெதிர உக்காந்திருந்தாலும் அது தெரியாது.

வாத்துக் கதையை உங்க லெட்டர் வர்றதுக்கு முன்னாடியே அவரு சொல்லிட்டாரு. சொல்லும்போதும் சிரிச்சாரு. உங்ககிட்ட படிச்ச பாடம்.

நீங்க கேட்ட மாத்திரை முப்பது இதோட இருக்கு. இந்தத் தடவை அட்டையோட அனுப்பல. பிரிச்சு ஒரு சின்னப் போத்தல்ல போட்டிருக்கேன். எங்க பார்மசியில உங்க பிரசர் மாத்திரை மாதிரியே சின்னதா, வட்டமா, வெள்ளையா இருக்குற மாத்திரை மட்டும் ஒரு அலமாரி பூரா இருக்கு. போத்தல்ல போட்டது எதுன்னு எனக்குத் தெரியும். அவரு உங்க கையில இருந்து தொண்ணூறு நாள் ஒன்னும் கேக்காம வாங்கி முழுங்குனாரு. நீங்க முப்பது நாள் முழுங்குங்க.

தெனமும் காலையில ஒன்னு.

சஜீவனி


பசறை
2024 செப்டம்பர் 5

தாயி சஜீவனிக்கு,

போத்தல் வந்துச்சு. நல்லாத்தான் வெளையாடுற. என்னையவே மிஞ்சிட்ட. இவ்வளவு நாளும் ஊமைன்னு நெனச்சேன்.

டிஸ்பென்சரிக்குக் கொண்டு போனேன். மருந்து குடுக்குற ஐயா ஒன்ன எடுத்து வெளிச்சத்துல பாத்துட்டு, அட்டையில்லாம சொல்ல ஏலாது பெரியவரே, யாரு குடுத்தான்னாரு. மருமகப் பொண்ணுன்னேன். அப்புறம் என்ன பயம்னாரு. பாறூக் நானாகிட்ட காட்டுனேன். அவரு மோந்து பாத்தாரு. நானும் மோந்து பாத்தேன். முப்பத்தெட்டு வருச மூக்கு, ஒன்னும் சொல்லல. கோழிக்கு ஒன்னு போட்டேன். தின்னுட்டு முட்ட விட்டுச்சு. ஆனா கோழிக்குப் பிரசர் இல்லையே.

பத்தொம்போது நாளா ஒன்னும் போடல. காதுக்குள்ள ரோலர் ஓடுற மாதிரி சத்தம். நேத்து கோயில் படியில மூணாவது படியிலயே குந்திட்டேன்.

அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லலாம்னு பேனாவ எடுத்தா, கையில வர்றது பூரா வேடிக்கைப் பேச்சாவே வருது. வேற மாதிரி பேசிப் பழக்கம் இல்ல. நாலு வரி எழுதி வெட்டிட்டேன், பேப்பர்ல மேல பாத்தா தெரியும்.

இன்னைக்குக் காலையில ஒரு மாத்திரைய உள்ளங்கையில வச்சுக்கிட்டு வாசப்படியில குந்தியிருந்தேன். பிரான்சிஸ்கா புள்ளைய இடுப்புல தூக்கிக்கிட்டு வந்தா. இப்ப அது நல்லா மொகம் பாத்துச் சிரிக்குது. எனக்கு என்னமோ தோணி, புள்ளைய கொஞ்ச நேரம் குடும்மான்னு கைய நீட்டுனேன். அவ ஒரு எட்டு பின்னாடி போனா.

"வேணாம் தாத்தா, தொத்திக்கப் போவுது"ன்னா.

பீலிக்கரையில தண்ணி புடிச்சுக்கிட்டு நின்ன பொம்பளைங்க எல்லாம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே மாத்திரைய வாயில போட்டுத் தண்ணியக் குடிச்சிட்டேன்.

நாக்குல இன்னும் கசப்பு நிக்குது. பிரசர் மாத்திரை கசக்குமா தாயி? இத்தன வருசம் முழுங்கியிருக்கேன், ஒரு நாளும் ருசி பாக்கல.

அந்தோனிப்பிள்ளை